பழைய காருக்கு நீட்டிப்பு வாரண்டி: பதினேழாயிரம் கொடுப்பதற்கு முன்

ஈரோட்டிலிருந்து ஒரு நண்பர் கேட்ட கேள்வி இது: "2020 மாடல் மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல், ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் வகை). 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இங்குள்ள ஒரு கார் கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடையில்) 5,75,000 ரூபாய்க்குப் பேசி வைத்திருக்கிறேன். ஓராண்டு அல்லது 15,000 கிலோமீட்டர் வாரண்டிக்கு 14,500 ரூபாயும் ஜிஎஸ்டியும் தனியாகக் கேட்கிறார்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் அடக்கம். மொத்தக் கோரிக்கை (கிளைம்) வரம்பு 50,000 ரூபாய். எடுத்தால் நிம்மதி என்கிறார் கடைக்காரர். தண்டம் என்கிறார் என் மைத்துனர். என்ன செய்யட்டும்?"

இரண்டு பேருமே அந்த வாரண்டித் தாளைப் படித்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். படித்திருந்தால் கடைக்காரர் நிம்மதியைப் பற்றிக் கொஞ்சம் அடக்கிப் பேசியிருப்பார். மைத்துனரும் எல்லா வாரண்டியையும் ஒரே மூட்டையில் கட்டித் தூக்கி எறிந்திருக்க மாட்டார்.

நான் கோவையில் ஓர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் ஆறு ஆண்டுகள் வாரண்டிக் கோரிக்கைகளை எழுதி மேலிடத்துக்கு அனுப்பும் மேசையில் கழிந்தன. கோரிக்கை மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தால் அதை வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவனும் நானே. இப்போது சிறியதாக ஒரு ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். வாரண்டி விற்றுக் கமிஷன் வாங்குவதில்லை. அதே சமயம், வாரண்டி இல்லாத கார்கள்தான் என் கடைக்கு வரும். அந்தச் சாய்வு என் பேச்சில் இருக்கலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காருக்கு, இந்த விலையில், இந்தத் தாளை நான் வாங்க மாட்டேன். நீங்கள் பார்த்தது டர்போ டீசல் ஆட்டோமேட்டிக் எஸ்யூவியாக இருந்து, தயாரிப்பு நிறுவனமே பொறுப்பேற்கும் வாரண்டி கிடைத்தால், யோசிக்காமல் எடுங்கள் என்றிருப்பேன். இரண்டு பதிலுக்கும் காரணம் ஒன்றுதான்: பழுது வரும் நாளில் யார் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர், எந்தப் பாகத்துக்கு, எவ்வளவு வரை.

வாரண்டி என்ற ஒரே சொல்லால் நான்கு விதமான வாக்குறுதிகளைக் குறிப்பிடுகிறோம். முதலாவது, புதுக் காரோடு வந்த வாரண்டியின் மிச்சம். கார் கைமாறினாலும் இது பெரும்பாலும் காரோடு கூடவே போகும். மாருதி 2024 ஜூலை வரை புதுக் கார்களுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் கொடுத்துவந்தது. அந்த மாதம் அதை 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டராக உயர்த்தியது. உங்கள் கார் பழைய கணக்கில் வரும். முதல் உரிமையாளர் பணம் கட்டி நீட்டித்திருந்தாலும் இந்நேரம் தீர்ந்திருக்கும். ஆனாலும் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டு, பதிவு எண்ணைச் சொல்லிக் கேட்பதில் நட்டம் இல்லை. மூன்று வயதுக் கார் பார்ப்பவர்களுக்கு இதுவே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நிறுவன வாரண்டி இன்னும் ஓராண்டு மிச்சமிருக்கும் காருக்குப் பதினைந்து இருபதாயிரம் கூடக் கேட்டாலும் எனக்கு அது நியாயமாகவே படும்.

இரண்டாவது, தயாரிப்பு நிறுவனங்கள் நடத்தும் பழைய கார் கடைகளில் கிடைப்பது. மாருதியின் ட்ரூ வேல்யூவில் சான்று பெற்ற கார்களுக்கு ஓராண்டு வரை வாரண்டியும் மூன்று இலவச சர்வீஸ்களும் தருவதாகச் சொல்கிறார்கள். இங்கே காரின் விலை வெளிச்சந்தையைவிடச் சற்று ஏறியே இருக்கும். வாரண்டியின் விலை அதற்குள் ஒளிந்திருக்கிறது. பரவாயில்லை. கோரிக்கையோடு போய் நிற்பதற்கு ஊரில் ஒரு கட்டிடமாவது இருக்கிறதே.

மூன்றாவது உங்களிடம் நீட்டப்பட்டிருப்பது. கன்சல்டிங் கடை விற்கும். தாளில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். பழுதைச் சரிசெய்வது இன்னொரு ஒர்க்ஷாப். மூன்று பேர் இருக்கும் இடத்தில் கோரிக்கை எழுந்ததும் ஒருவரை ஒருவர் கை காட்டுவது வழக்கம். ஆகவே தாளைக் கையில் வாங்கியதும் பாகங்களின் பட்டியலுக்குப் போகாதீர்கள். 'இந்த ஒப்பந்தத்தின் கீழ் பணம் கொடுக்கும் பொறுப்பு யாருடையது' என்ற வரியைத் தேடுங்கள். அந்தப் பெயருக்கு முகவரி உண்டா, அதன் பின்னால் காப்பீட்டு நிறுவனம் ஏதாவது நிற்கிறதா, கன்சல்டிங் கடை மூடிவிட்டால் ஒப்பந்தம் நிற்குமா என்று பாருங்கள். அந்த வரியே இல்லாத தாள்களையும் நான் கண்டிருக்கிறேன். மேலே கண்ணைப் பறிக்கும் சின்னம், கீழே கடையின் ரப்பர் ஸ்டாம்ப், நடுவில் பொறுப்பாளி என்று யாருமே இல்லை.

நான்காவது, 'மூன்று மாதத்துக்கு நான் பொறுப்பு' என்று கடைக்காரர் வாயால் சொல்வது. இதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். சிறிய ஊர்களில் பெயருக்குப் பயந்து சொன்னதைச் செய்து கொடுக்கும் கன்சல்டிங்காரர்கள் இருக்கிறார்கள். டெலிவரி நோட்டில் அதையே ஒரு வரியாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் இலவசமாக ஒரு வாரண்டி கிடைத்தது. பேனாவை எடுக்கத் தயங்கினால் அந்தப் பேச்சின் எடை தெரிந்துவிடும்.

இனி கணக்கு. 14,500 ரூபாய்க்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2,610. ஆக 17,110 ரூபாய். நீங்கள் அதிகபட்சமாகத் திரும்பப் பெறக்கூடியது 50,000. அந்த 50,000 முழுவதையும் தின்னும் அளவுக்குப் பெரிய பழுது, இதே போன்ற மூன்று கார்களில் ஒன்றுக்கு ஒரே ஆண்டில் வந்தால்தான் நீங்கள் கொடுக்கும் விலை ஈடாகும். சின்னப் பழுதென்றால் கணக்கு இன்னும் மோசம். 52,000 கிலோமீட்டர் ஓடிய 1.2 லிட்டர் கே-சீரிஸ் பெட்ரோல் என்ஜின் அந்த அளவில் உடைவதை நான் பார்த்ததில்லை. இந்தக் குடும்பத்து என்ஜின்களைப் போட்டுக்கொண்டுதான் நம் ஊர் டாக்ஸிகள் லட்சம் கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. டைமிங் பெல்ட் அறுந்து வால்வு வளையும் கதையும் இதில் இல்லை. உள்ளே இருப்பது செயின். ஆயில் மட்டும் காலத்தில் மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் காரில் எனக்குக் கவலை தரும் இடம் ஏஎம்டி. ஆனால் அங்கேயும் தாளைப் பாருங்கள். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் இடது காலும் கையும் செய்யும் வேலையை ஆக்சுவேட்டர் என்ற மின்-ஹைட்ராலிக் பகுதி செய்கிறது. இதில் சீக்கிரம் தேய்வது கிளட்ச். மேம்பாலத்தின் ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே காரை நிறுத்தி வைப்பவர்கள் கிளட்சைப் பாதி வயதில் கொன்றுவிடுவார்கள். கிளட்ச் தேய்மானப் பொருள் என்பதால் ஏறக்குறைய எல்லா வாரண்டியிலும் அது விலக்கு. ஆக்சுவேட்டரோ கியர்பாக்ஸின் வெளியே பொருத்தப்பட்டிருக்கிறது. 'கியர்பாக்ஸின் உள் பாகங்கள்' என்று தாளில் இருந்தால், ஆக்சுவேட்டர் உள்ளா வெளியா என்ற வாதம் உங்கள் கார் ஒர்க்ஷாப்பில் நிற்கும்போதுதான் தொடங்கும். அது பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதப்படவில்லை என்றால், இந்தக் காரில் வரக்கூடிய இரண்டு பெரிய செலவுகளும் 17,110 ரூபாய்க்கு வெளியே நிற்கின்றன.

கோரிக்கை எப்படி மறுக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விற்பவர் சொல்லாத பகுதி அது. நான் ஆறு ஆண்டுகள் வாழ்ந்த பகுதி.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஓர் ஆசிரியர், பழைய டீசல் காரை வாரண்டியோடு வாங்கியவர், ஒருநாள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாட்டர் பம்ப் கசிந்து, கூலன்ட் தீர்ந்து, என்ஜின் சூடாகி, என்ஜினின் தலைப்பகுதியை அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. வாட்டர் பம்ப் பட்டியலில் இருந்தது. அதற்கு அனுமதியும் வந்தது. ஆனால் ஹெட் வேலைக்கு மறுப்பு. வெப்பமானி முள் சிவப்பைத் தொட்ட பிறகும் வண்டியை ஓட்டியிருக்கிறார், ஆகவே அது 'தொடர் சேதம்' என்றார்கள். அவர் ஓட்டியது நான்கு கிலோமீட்டர். மழை இரவு, மனைவியும் குழந்தையும் காரில். ஒரு சின்னப் பம்புக்குப் பணம் கிடைத்தது. பெரிய பில்லை அவரே கட்டினார். தாளின்படி நிறுவனம் செய்தது சரி. அவரிடம் அதை விளக்கியபோது என் வாயில் கசப்புதான் இருந்தது. முள் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். வாரண்டி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

தொடர் சேதத்துக்கு அடுத்தபடி நான் அதிகம் எழுதிய காரணம், சர்வீஸ் தவறியது. பத்தாயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயிலைப் பன்னிரண்டாயிரத்தில் மாற்றியிருப்பார்கள். அல்லது சரியாகவே மாற்றியிருப்பார்கள், பில் இருக்காது. தெரிந்த மெக்கானிக்கிடம் காசைக் கொடுத்து ஆயில் மாற்றியதற்கு ஜிஎஸ்டி பில் எங்கிருந்து வரும்? பழைய காரில் இது இரட்டைச் சிக்கல். நீங்கள் ஒழுங்காக இருந்தாலும் முந்தைய உரிமையாளர் விட்ட இடைவெளி உங்கள் தலையில் விழலாம்.

'வாங்கும்போதே இருந்த குறை' என்பது இன்னொரு பெரிய ஓட்டை. வாங்கிய இருபதாம் நாள் கியர்பாக்ஸ் சத்தம் போட்டால், அது முன்பே இருந்தது என்பார்கள். சில திட்டங்களில் முதல் சில வாரங்களுக்குக் கோரிக்கையே எழுப்ப முடியாது. பழைய காரின் மறைந்திருந்த குறைகள் தலைகாட்டுவதோ பெரும்பாலும் அந்த வாரங்களில்தான்! தாளைத் தயாரித்தவர்களுக்கு அது தெரியாதா என்ன?

வாடிக்கையாளர்கள் கொஞ்சமும் எதிர்பாராத செலவு ஒன்று உண்டு: பிரித்துப் பார்க்கும் கூலி. என்ஜினில் என்ன பழுது என்று சொல்வதற்கு என்ஜினைப் பிரிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் பிரித்தால் வாரண்டி போயிற்று. அனுமதியோடு பிரித்து, உள்ளே இருப்பது விலக்கான பழுது என்று தெரிந்தால், பிரித்த கூலியும் திரும்பப் பூட்டும் கூலியும் உங்களுடையது. கார் நான்கு துண்டுகளாகக் கிடக்கும்போது பேரம் பேசும் நிலையில் யாரும் இருப்பதில்லை.

ஒட்டுப்போட்ட ஒயரிங்கைச் சொல்லாமல் விட முடியாது. கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டுப் பெரிய திரை, கூடுதல் விளக்கு, ஜிபிஎஸ் என்று ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் மின்சாதனப் பழுதுகள் எல்லாவற்றையும் அந்த ஒட்டின் மேல் போடலாம். வெளியே பொருத்திய சிஎன்ஜி கிட் இருந்தால் என்ஜினுக்கே சிக்கல். எரிபொருளிலும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2020-ல் வந்த கார் அதற்கென்று வடிவமைக்கப்பட்டதல்ல. 'எரிபொருள் காரணமான பழுது' விலக்கு என்று தாள் சொன்னால், ஃப்யூயல் பம்பும் இன்ஜெக்டரும் எந்தப் பக்கம் என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் எலி. நம் ஊரில் எலி கடித்து நிற்கும் கார்களின் எண்ணிக்கை வேறெந்த மின்பழுதுக்கும் குறைந்ததில்லை. எந்த வாரண்டியும் எலிக்குப் பணம் தந்து நான் பார்த்ததில்லை. எலி, வெள்ளம், விபத்து மூன்றும் காப்பீட்டின் பக்கம். கார் தானாகக் கெடுவது வாரண்டி. வெளியிலிருந்து கெடுதல் வருவது இன்சூரன்ஸ். 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து என்ஜினை முறித்துக்கொண்டவர்களில் பலருக்கு இந்த வேறுபாடு அன்றுதான் தெரிந்தது. சாதாரண காப்பீட்டிலும் அது எளிதில் கிடைக்காது. என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருக்க வேண்டும். வாரண்டிக்கு 17,000 கொடுக்கத் தயாராக இருப்பவர் இந்தக் கூடுதல் பிரிவுக்கு அதில் ஒரு சிறு பங்கைக் கொடுத்தால் எனக்கு அதிகம் சந்தோஷம்.

காப்பீடு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆர்.சி. (பதிவுச் சான்று) உங்கள் பெயருக்கு மாறும்போது காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் மாற்ற விண்ணப்பியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவின்படி மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு தானாகப் புது உரிமையாளருக்கு வந்துவிடும். உங்கள் சொந்தக் காருக்கான சேதப் பாதுகாப்பு அப்படி வராது. உச்ச நீதிமன்றம் 1995-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. கிளைம் கேட்காததற்காகப் பழைய உரிமையாளருக்குக் கிடைத்த தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் உங்களுக்குக் கிடைக்காது. வாரண்டிக்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இதை மறந்து, அடுத்தவர் பெயரிலுள்ள பாலிசியோடு ஆறு மாதம் ஓட்டுவதைக் கண்டிருக்கிறேன்.

எந்தக் காருக்கு எடுக்கலாம் என்று சொன்னால்தான் என் பதில் முழுமையாகும். பழுதுபட்டால் ஒரே அடியில் ஒரு லட்சத்தைத் தாண்டும் பாகங்கள் உள்ள கார்கள். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் அவற்றில் முதலிடம். ஃபோக்ஸ்வாகன் 2013-ல் சீனாவில் மட்டும் டிஎஸ்ஜி என்ற தன் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் காரணமாக 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அந்தக் குடும்பத்து ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டி நம் நாட்டிலும் பல கார்களில் வந்தது. கிளட்சையும் கியரையும் இயக்கும் அதன் மெக்கட்ரானிக்ஸ் பகுதி போனால் பில்லைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓடிய சென்னை, பெங்களூரு கார்கள் என்றால் இன்னும் கவனம். கியர் படிகள் இல்லாமல் ஓடும் சிவிடி கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பதிவோடு வந்தால் நல்ல பிள்ளை; பதிவு இல்லாமல் வந்தால் சீட்டாட்டம்.

டீசலில் 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) கார்களுக்கு என் ஓட்டு வாரண்டி பக்கம். டர்போ, உயர் அழுத்தப் பம்ப், நான்கு இன்ஜெக்டர், புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி என்று வரிசையாக விலை உயர்ந்த பொருள்கள். கடைவீதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே ஓடிய டீசல் காரின் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதிலும் ஒரு கொக்கி உண்டு: அடைப்பு 'ஓட்டும் முறையால் வந்தது' என்று விலக்கப்படலாம். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் ஆட்டோமேட்டிக் டீசல் எஸ்யூவிக்கு நிறுவன வாரண்டியை முப்பதாயிரத்துச் சொச்சம் கட்டி நீட்டித்தார். அடுத்த ஆண்டே கியர்பாக்ஸ் முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று. பில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அவர் கட்டியது ஆயில் செலவு மட்டும். அந்தக் கோரிக்கையை எழுதியதும் நான்தான். ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் ஒரு கோப்பில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். மேலிடத்திலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை.

மின்சாரக் கார்களில் ஒரே கேள்வி பேட்டரி. எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பரவலாகக் காணப்படும் அளவு. ஆனால் அண்மையில் விளம்பரமாகும் 'வாழ்நாள்' பேட்டரி வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும் என்று எழுதியிருப்பார்கள். இரண்டாம் கைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை விற்பவரிடம் கேட்காமல் நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, உங்கள் ஸ்விஃப்டுக்கு வருவோம். வாரண்டிக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் இரண்டாயிரம் மூவாயிரத்தை எடுத்து, காரை வாங்குவதற்கு முன்பே பரிசோதிக்கச் செலவிடுங்கள். கன்சல்டிங்காரர் காட்டும் மெக்கானிக்கிடம் வேண்டாம். பதிவு எண்ணை வைத்து நிறுவன சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். உரிமையாளர் உடன் வந்தாலோ அனுமதித்தாலோ எளிதாகக் கிடைக்கும். 2023-ல் 61,000 கிலோமீட்டர் என்று பதிவாகியிருக்கும் கார் இன்று ஓடோமீட்டரில் 52,000 காட்டினால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை, எழுந்து வந்துவிடலாம்.

காரை முதல் நாள் இரவே நிறுத்தச் சொல்லி, காலையில் நீங்கள் போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன் யாரோ எழுப்பிவிட்டார்கள், எதையோ மறைக்கிறார்கள். ஏஎம்டி என்பதால் ஏற்றமான ஒரு சாலையில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். முதல் கியரில் உதறல், கருகிய வாசனை, இரண்டாவதுக்கு மாறும்போது தடுமாற்றம் இருந்தால் கிளட்ச் கடைசிக் காலத்தில் இருக்கிறது. அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஸ்கேனரை மாட்டி என்ன கோளாறுகள் பதிவாகியிருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். முந்தைய நாள்தான் எல்லாம் அழிக்கப்பட்டிருக்கிறது என்றால் அதுவும் ஒரு தகவலே. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்; அடியில் மண் கறை இருந்தால் கார் தண்ணீரில் நின்றிருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கிய கார்கள் எல்லாம் சென்னையிலேயே விற்கப்பட்டிருக்கும் என்று நம்ப வேண்டாம்.

பரிசோதனையில் கார் தேறினால், மிச்சம் பதினாலாயிரத்தை வங்கியில் தனியாகப் போட்டுவிடுங்கள். என்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டரும் முதல் வாரத்திலேயே மாற்றுங்கள். அதற்கு அதிலிருந்தே எடுக்கலாம். கிளட்ச் வந்தால் மீதி அதற்குக் கைகொடுக்கும். எந்தத் தாளும் தராத கிளட்சுக்கு உங்கள் வங்கிக் கணக்கு தரும். மாதச் சம்பளம் வந்ததும் கையில் ஒன்றும் மிஞ்சாத நிலை, திடீரென்று ஐம்பதாயிரம் புரட்டவே முடியாது, வேலைக்குப் போக இந்தக் கார்தான் என்றால் என் கணக்கு மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போது மூன்றில் ஒன்று என்ற கணிதம் பேசிக்கொண்டிருக்க முடியாது. அந்த நிலையிலும் இந்தத் தாளைவிட, நிறுவனக் கடையில் வாரண்டியோடு வரும் சற்றுச் சின்ன காரைப் பாருங்கள் என்பேன்.

எல்லாவற்றையும் மீறி எடுப்பதென்று முடிவு செய்தால், பேரம் பேசுங்கள். காரின் விலையில் பேரம் பேசுபவர்கள் வாரண்டி விலையை அரசாங்கக் கட்டணம்போல் நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். விற்பவரின் கமிஷன் இதில்தான் அதிகம். ஆகவே இறங்கி வருவார். காரின் கடனோடு சேர்த்துப் போட்டுவிடுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். ஓராண்டு வாரண்டிக்கு ஐந்தாண்டு வட்டி கட்ட வேண்டாம். காரை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் முதலிலேயே கேளுங்கள்: சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று தாள் சொல்லும்.

கோரிக்கையை அநியாயமாக மறுத்தால் வழி இல்லாமல் இல்லை. மறுப்பை எழுத்தில், எந்த நிபந்தனையின்படி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். என் மேசையில் அப்படிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்களின் கோப்புகள் மறுபடி பார்க்கப்பட்டன. அதன் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம்; கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். பழுதான பாகத்தை மட்டும் ஒர்க்ஷாப்பிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். படம் எடுத்து, பெயரும் தேதியும் எழுதிக் கையோடு வாங்கி வையுங்கள். பாகம் கைவிட்டுப் போனால் வழக்கின் பாதி போய்விடும்.

நாளை கடைக்குப் போகும்போது வாரண்டிப் பேச்சை எடுக்கும் முன் பழைய சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். ஐந்தாறு பில்கள் வரிசையாக வந்தால் மேலே சொன்னபடி பரிசோதனைக்கு நாள் குறியுங்கள். ஒன்றுமே இல்லை, கார் அருமையாக ஓடும், அதற்குத்தானே வாரண்டி தருகிறோம் என்று பதில் வந்தால், முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். ஈரோட்டில் வேறு ஸ்விஃப்ட் கிடைக்கும்.